எட்டுக் குளிர்காலங்களை வெளியே கழித்த பூச்சாடிகள்: செம்பர்விவமும் சீடமும் வளர்த்த அனுபவம்

ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டின் பின்வளவில், தெற்குப் பார்த்த மரத்தளத்தின் மீது, இப்போது பதினொரு பூச்சாடிகள் இருக்கின்றன. முதலாவதை 2017 ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் வைத்தேன். ஒக்டோபர் வந்ததும் அக்கம்பக்கத்துத் தமிழ் வீடுகளில் கறிவேப்பிலைச் சாடியை உள்ளே தூக்கி வைக்கும் பரபரப்புத் தொடங்கிவிடும். இந்தச் சாடிகளை நான் தொடுவதில்லை. மறை 20 பாகை செல்சியஸ் வரை இறங்கும் இரவுகளிலும், பனி கொட்டி மூடும் வாரங்களிலும் அவை வெளியேதான் கிடக்கும். அவற்றில் உள்ளவை விரல்நகத்திலிருந்து உள்ளங்கை வரையான அளவுள்ள சின்னஞ்சிறு சதைப்பற்றுச் செடிகள்: பெரும்பாலும் செம்பர்விவம், அதன் நெருங்கிய உறவான ஜோவிபார்பா, தரையோடு படரும் சீடம் வகைகள் சில, ஓரோஸ்டாக்கிஸ் ஒன்று. இத்தனை ஆண்டுகளில் நான் இழந்தவற்றுள் குளிரால் மட்டும் மடிந்தவை மிகச் சில. பெயர்ச்சீட்டை நம்பியோ, சீட்டே இல்லாததாலோ, ஒன்றை இன்னொன்றாக எண்ணி அதற்கு ஒவ்வாத இடத்தில் வைத்ததால் போனவையே அதிகம்.

முதல் இழப்பு முதலாவது குளிர்காலத்திலேயே நேர்ந்தது. ஒரு பெரிய கடையின் தோட்டப் பகுதியில் ஆறு சிறு சாடிகளை வாங்கியிருந்தேன். ஆறிலும் ‘பலவகைச் சதைப்பற்றுச் செடிகள்’ என்ற ஒரே சீட்டுத்தான் செருகப்பட்டிருந்தது. ஆறும் இலைகளை ரோசாப்பூப் போல வட்டமாக அடுக்கியிருந்தன. எல்லாமே குளிர் தாங்கும் என்று விற்றவர் சொன்னார். மார்ச் இறுதியில் பனி வடிந்தபோது நான்கு செடிகள் இறுகிய மொட்டாகச் சுருங்கி, வெளியிலைகள் காய்ந்து பழுப்பேறி, நடுவில் மட்டும் பச்சையாக இருந்தன. மற்ற இரண்டும் அவித்த வெங்காயம் போலக் குழைந்து கிடந்தன; விரல் பட்டதும் தோல் கழன்று நீர் வடிந்தது. அவை இரண்டும் எச்செவேரியா. பெரும்பாலும் மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட அந்த இனத்துக்கு உறைபனி ஆகாது. செம்பர்விவமோ அல்ப்ஸ், பிரெனீஸ், பால்கன் மலைகளின் பாறை இடுக்குகளில் வளர்வது. கடையில் ஒரே தட்டில் ஒன்றாக அடுக்கி வைக்கிறார்கள். ஒக்டோபரில் பிரிக்க வேண்டிய பொறுப்பு வாங்கியவரின் தலையில்தான் விழுகிறது.

இந்த இரண்டையும் பிரித்தறிய எனக்கு உதவியது ஒரு சாதாரணப் பூதக்கண்ணாடி. செம்பர்விவத்தின் இலை விளிம்பை அதனூடாகப் பார்த்தால், இமைமயிர் போன்ற நுண்ணிய மயிர்கள் வரிசையாக நிற்பது தெரியும். எச்செவேரியாவின் விளிம்பு பெரும்பாலும் வழுவழுப்பாக இருக்கும். பல வகைகளில் இலைமேல் விரலால் துடைத்தால் போய்விடும் வெண்மையான மாப்பூச்சு இருக்கும். பூக்கும் காலத்தில் ஐயமே இல்லை: எச்செவேரியாவின் பூந்தண்டு பக்கத்து இலையிடுக்கிலிருந்து வளைந்து எழும், செம்பர்விவத்தில் நடுக்குருத்தே நீண்டு பூந்தண்டாகிவிடும். மூன்றாவது வேறுபாட்டை நான் ஊர் நினைவால் தவறவிட்டேன். ரணகள்ளியின் இலையைப் பிடுங்கிப் புத்தகத்துக்குள் வைத்து, விளிம்பில் குட்டி முளைப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. அதுவும் இவையும் கிராசுலேசியே என்ற ஒரே குடும்பம் என்று அறிந்ததும், செம்பர்விவ இலைகள் பதினைந்தைப் பிய்த்து மணலில் பரப்பி வைத்தேன். பதினைந்தும் காய்ந்து சருகாயின. எச்செவேரியாவின் இலை எளிதில் வேர்விட்டுக் குட்டி போடும். செம்பர்விவம் இலையிலிருந்து பெருகுவது மிக அரிது. அதற்குப் பக்கக்கன்றுதான் வழி.

பக்கக்கன்று வரும் விதமே அடுத்த அடையாளம். செம்பர்விவத்தின் கன்று, தாயிலிருந்து கிடையாக நீளும் ஒரு தடித்த கொடியின் நுனியில் உருவாகி, தொட்ட இடத்தில் வேரூன்றும். ஜோவிபார்பா குளோபிஃபெராவின் கன்றுகளோ நூல் போன்ற மெல்லிய காம்பில் தொங்கி, காற்றடித்தாலோ மழை பெய்தாலோ அறுந்து, பட்டாணி போல உருண்டோடும். மரத்தளத்தின் பலகை இடுக்குகளில் அவற்றைப் பொறுக்கி எடுப்பது எனக்கு ஆண்டுதோறும் ஜூலை மாத வேலை. ஜோவிபார்பா ஹியூஃபெலியை அடையாளம் காணாததால்தான் உண்மையில் நட்டப்பட்டேன். அது கொடியே விடுவதில்லை. தடித்த வேர்க்கட்டையின் தலையிலேயே ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பிளக்கும். செம்பர்விவம் என்றெண்ணி ஒரு கன்றைக் கையால் பற்றி இழுத்தேன். வேரில்லாத இலைக்கொத்து மட்டும் கையோடு வந்தது, எஞ்சிய காயம் மழையில் அழுகியது. இப்போது கூரிய கத்தியால் ஒவ்வொரு தலைக்கும் ஒரு துண்டு வேர்க்கட்டை சேரும்படி வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டு நடுகிறேன், ஒன்றுகூடத் தவறியதில்லை. இந்த இரண்டையும் செம்பர்விவத்துக்குள்ளேயே அடக்கும் தாவரவியலாளரும் உண்டு. ஆயினும் பூவைப் பார்த்தால் வேறுபாடு தெளிவு: செம்பர்விவத்தின் பூ பல இதழ்களுடன் நட்சத்திரமாக விரியும், ஜோவிபார்பாவின் பூ ஆறு இதழ் கொண்ட வெளிர்மஞ்சள் மணி.

செம்பர்விவத்துக்குள் எது எந்த வகை என்று கண்டறிய முயன்று நான் பெரிதும் தோற்றிருக்கிறேன். எட்டுக்கால் பூச்சி வலை பின்னியதுபோல் இலை நுனிகளை வெண்ணூல் இணைக்கும் அரக்னாய்டியம் ஒன்றைத்தான் யாரும் எளிதில் சொல்லிவிடலாம். எஞ்சிய கலப்பின வகைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன; பெரும்பாலும் நிறத்தை வைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நிறமோ நிலைப்பதில்லை. ஏப்ரலில் மாதுளைச் சிவப்பாக இருந்த அதே செடி ஓகஸ்டில் மங்கிய பச்சையாகிவிடும். நிழலில் வைத்தால் சிவப்பு வரவே வராது. ஆகவே படத்தைப் பார்த்துப் பெயர் தேடுவதை 2020 அளவில் கைவிட்டேன். பெயரோடு வாங்கியவற்றின் பெயரை மட்டும் காக்கிறேன், அதுவும் பென்சிலால் எழுதி. அழியாதென்று விற்கப்படும் மைப்பேனாக்கள் எல்லாம் இரண்டு கோடைக்குள் வெளுத்துப் போயின. பென்சிலில் எழுதிய 2018 ஆம் ஆண்டுச் சீட்டு இன்றும் தெளிவாக இருக்கிறது.

சீடம் வகைகளில் அடையாளம் காண்பது இன்னும் நுணுக்கமான வேலை, ஏனெனில் இலைகள் அரிசிமணி அளவுதான். சீடம் ஆக்ரேயும் சீடம் செக்ஸாங்குலாரேயும் மஞ்சள் பூப் பூப்பவை. தூரத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆக்ரேயின் இலை அடியில் அகன்று நுனியில் குறுகித் தண்டோடு ஒட்டியிருக்கும். செக்ஸாங்குலாரேயின் இலை சீரான உருளை, தண்டைச் சுற்றி ஆறு வரிசைகளாக அடுக்கியிருக்கும், பெயரும் அதனால் வந்ததே. ஆக்ரே என்றால் காரம். நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன், மிளகுபோல் உறைத்தது, ஆனால் வாய்க்கும் வயிற்றுக்கும் எரிச்சல் தரக்கூடியது என்பதால் பிறர் அப்படிச் சோதிக்க வேண்டாம். இந்த வேறுபாடு ஏன் முக்கியமென்றால், ஆக்ரே அடங்காத செடி. உடைந்து விழும் ஒவ்வொரு துணுக்கும் வேர்விடும். அணில் கிளறிய ஒரே கோடையில் அது பக்கத்துச் சாடிகள் நான்கில் குடியேறி, அரக்னாய்டியத்தை மூடிவிட்டது. சாவணத்தால் ஒவ்வொரு துணுக்காக எடுத்து முடிக்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ரொறன்ரோ நகரசபை 2009 ஆம் ஆண்டு பெரிய கட்டடங்களுக்குப் பசுங்கூரையை, அதாவது செடி வளர்க்கும் கூரையை, கட்டாயமாக்கும் துணைவிதியை இயற்றியது. அத்தகைய கூரைகளில் சீடத்தை விரும்பி நடுவது இந்த அடங்காத்தனத்துக்காகவும்தான். முப்பது சென்ரிமீற்றர்ச் சாடியில் அதே குணம் தொல்லையாகிவிடுகிறது.

சாடிகளைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். சுட்ட மண்சாடிகள் நான்கில் மூன்று இரண்டாவது குளிர்காலத்தில் வெடித்தன. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். மண்சாடியின் நுண்துளைகளில் ஊறிய நீர் அவ்வாறு பருத்து, விளிம்பை அப்பளம்போல் உரித்தெடுத்துவிடும். பிளாஸ்ரிக் சாடிகள் குளிரைத் தாங்கின, வெயிலைத் தாங்கவில்லை. நான்காம் ஆண்டில் தூக்கியபோது கையோடு உடைந்து வந்தன. பழைய மரப்பெட்டி மூன்று ஆண்டில் உளுத்தது. இறுதியில் நானே வார்த்த சீமெந்துத் தொட்டிகள்தான் நிலைத்தன: சீமெந்து ஒரு பங்கு, பீற் பாசி (சதுப்புநிலத்தில் மக்கிய பாசி) ஒன்றரைப் பங்கு, பேர்லைற் (பொரிந்த இலேசான வெண்கல் குறுணி) ஒன்றரைப் பங்கு கலந்து, இரண்டு அட்டைப்பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து நடுவில் அழுத்தி வார்த்தவை. பொலித்தீனால் மூடி ஈரமாக ஒரு மாதம் இறுகவிட்டு, சுண்ணாம்பு கழியப் பலமுறை நீரூற்றிக் கழுவினேன். ஆறு குளிர்காலங்களுக்குப் பிறகு ஒரு தொட்டியின் ஒரு மூலை மட்டும் உதிர்ந்திருக்கிறது. அவலட்சணமானவை என்பது வீட்டிலுள்ளவர்களின் கருத்து. பாசி பிடித்தபின் அக்கருத்துச் சற்று மாறியிருக்கிறது.

சாடியின் அடியில் ஓட்டுத்துண்டும் கல்லும் போட்டால் நீர் நன்றாக வடியும் என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நானும் ஐந்து சென்ரிமீற்றர் உயரத்துக்குச் சல்லி போட்டேன். நுண்ணிய மண்ணிலுள்ள நீர், அந்த மண் முழுதாக ஊறி நிரம்பும்வரை கீழேயுள்ள பெருங்கல் அடுக்குக்குள் இறங்காது. ஆகவே சல்லி, ஈரமான படையை வேருக்கு அருகே உயர்த்தி வைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. இப்போது அடியிலிருந்து மேல்வரை ஒரே கலவைதான்: சாடிமண் ஒரு பங்கு, பேர்லைற் ஒரு பங்கு, கோழித்தீன் கடையில் கிடைக்கும் கருங்கல் குறுணி ஒரு பங்கு. மேலே ஒரு சென்ரிமீற்றர் வெறும் குறுணி பரப்பினால், கீழிலைகள் ஈரமண்ணில் படாமல் உலர்ந்து கிடக்கும். உரம் ஏறத்தாழ இல்லை. ஒரு வசந்தத்தில் தாராளமாகக் கொடுத்தேன், செடிகள் கோவாபோல் பருத்துத் தளர்ந்து நிறமிழந்தன. இவை இரவில் இலைத்துளைகளைத் திறந்து காபனீரொட்சைட்டை எடுத்து, பகல் வெயிலில் மூடிக்கொள்பவை என்பதால், ஜூலை வெப்பத்திலும் பத்து நாளுக்கு ஒருமுறை நீர் போதுமாக இருக்கிறது.

குளிர்காலத்தில் ஆபத்து ஜனவரியின் கடுங்குளிரில் இல்லை. அப்போது மேலே பனி போர்வையாக மூடியிருக்கும், கீழே மண் கல்லாக உறைந்து கிடக்கும், எதுவும் அசையாது. பெப்ரவரி முடிவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை, பகலில் உருகி இரவில் உறையும் நாட்களில்தான் செடிகள் போகின்றன. மேல்மண் உருகிச் சேறாகியிருக்கும். அடிமண் இன்னும் உறைந்திருப்பதால் நீர் வடிய வழியிருக்காது. ஓரோஸ்டாக்கிஸ் ஸ்பினோசாவை நான் அப்படித்தான் முதலில் இழந்தேன். சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் வளரும் செடி அது; குளிருக்கு அஞ்சாது. இலையுதிர் காலத்தில் வெளியிலைகளை உதிர்த்துவிட்டு, சூரியகாந்திப் பூவின் நடுவட்டம் போல நெருங்கி இறுகிய ஒரு தட்டாக உறங்கும். அந்தத் தட்டின் நடுவே உருகிய நீர் தேங்கியதும் மூன்றே நாளில் கறுத்துவிட்டது. இரண்டாவதாக வாங்கியதை நொவம்பர் முதல் ஏப்ரல்வரை ஒளிபுகும் பிளாஸ்ரிக் தகடொன்றின் கீழ், நான்கு பக்கமும் காற்று வர வைக்கிறேன். நான்கு குளிர்காலம் தாண்டிவிட்டது. உறைந்து உருகும் மண் சிறு செம்பர்விவங்களை வேரோடு மேலே தள்ளியும் விடும். மார்ச்சில் ஒருநாள் எல்லாவற்றையும் பெருவிரலால் மெல்ல அழுத்திவிடுவது என் வழக்கம்.

நோய் என்று சொன்னால் ஒன்றே ஒன்று கவலை தந்தது. 2021 வசந்தத்தில் ஒரு சாடியிலிருந்த செம்பர்விவத்தின் இலைகள் வழக்கத்துக்கு மாறாக நீண்டு, வெளிறி, நிமிர்ந்து நின்றன. புது வகைபோல அழகாக இருக்கிறதென்று மகிழ்ந்தேன். இரண்டு வாரத்தில் அந்த இலைகள் முழுதும் செம்மஞ்சள் கொப்புளங்கள் வெடித்தன. எண்டோஃபில்லம் செம்பர்விவி என்ற பூஞ்சணம் உண்டாக்கும் கறள் நோய் அது. செடியின் உள்ளேயே பரவுவதால் இலையை வெட்டிப் பயனில்லை. சாடியிலிருந்த அனைத்தையும் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். அணில்களுக்கு ஒக்டோபரில் மேலே கோழிவலை விரிக்கிறேன், அவ்வளவுதான்.

பூத்த செம்பர்விவம் இறந்துவிடும் என்பது புதிதாக வளர்ப்பவர்களைத் திடுக்கிட வைக்கும். வாழை வளர்த்தவருக்கு இது புதிதன்று: குலை தள்ளியது மடியும், பக்கக்கன்று நிற்கும். பூந்தண்டை வெட்டினால் தாய் பிழைக்குமா என்று இருமுறை பார்த்தேன், பிழைக்கவில்லை. ‘என்றும் வாழ்வது’ என்ற பொருளுடைய செம்பர்விவம் என்னும் பெயர் கன்றுகளின் தொடர்ச்சியால்தான் பொருந்துகிறது. ஐரோப்பாவில் இதைக் கூரைமேல் வளர்த்தார்கள். இடி விழாமல் காக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. இடைக்கால ஐரோப்பியப் பேரரசன் சார்லமேன் காலத்துக் கட்டளை ஒன்றில்கூடத் தோட்டக்காரன் தன் வீட்டுக்கூரையில் இதை வைத்திருக்க வேண்டும் என்று உள்ளது. கூரையின் மெல்லிய மண்ணும் சரிவும் காற்றும் இதற்கு ஏற்றவை என்பதை, சீமெந்துத் தொட்டியைச் சற்றுச் சரித்து வைத்துப் பார்த்தபின் நானும் ஒப்புக்கொள்கிறேன்.

பதினோராவது சாடியில் நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு சீடம் இருக்கிறது. டாசிஃபில்லம் என்று எழுதி விற்றார்கள். டாசிஃபில்லமானால் இலைகள் முட்டை வடிவில், பெரும்பாலும் சோடி சோடியாக எதிரெதிரே இருக்க வேண்டும். இதன் இலைகள் ஒல்லியாக, மாறிமாறி வருகின்றன. ஹிஸ்பானிக்கம் என்பதே என் ஐயம். அப்படியானால் பூவில் பெரும்பாலும் ஆறு இதழ் இருக்கும், விதை விட்டதும் செடி போய்விடவும் கூடும். இரண்டு கோடையாகப் பூக்கவில்லை. சீட்டில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். இந்த ஜூனில் மொட்டு வந்தால் எண்ணிப் பார்க்க வேண்டும்.