கிருஷ்ணகிரியில் கட்டட ஆட்களுக்கு இன்சூரன்ஸ்: மூணு ஸ்டார்தான்

ராயக்கோட்டை ரோடு சைட்டுக்காக ஊருக்குள்ளேயே இருக்கிற ஒரு ஏஜென்ட்டிடம் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுத்தோம், பெயர் வேண்டாம். வேகத்தில் குறை சொல்ல முடியாது. கொத்தனார், சித்தாள், சென்ட்ரிங் ஆள் என்று பிரித்துக் கணக்குக் கேட்டார், சாயங்காலமே பாலிசி வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அப்புறம் லேபர் ஆபீஸிலிருந்து சைட்டைப் பார்க்க வந்தவர்கள் வருகைப் பதிவேடு, கூலிப் பதிவேட்டோடு இதையும் கேட்டபோது உடனே எடுத்து நீட்ட முடிந்தது.

ஆனால் பிரீமியம் குறையும் என்று கூலியைக் குறைத்துப் போடச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஒத்து வரவில்லை. 1923-ம் வருஷத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் போட்டுத் தந்த கணக்குப்படி, ஆள் இறந்தால் மாதக் கூலியில் பாதியை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும், கூலிக்கு உச்சவரம்பு 2020 முதல் 15,000 ரூபாய், 30 வயது ஆளுக்கு எண் 207.98, அதாவது 15 லட்சத்துக்கு மேல் போகும். பாலிசியில் கூலியைக் குறைத்துக் காட்டியிருந்தால் மீதி யார் தலையில்? நம் தலையில்தான்.

மருத்துவச் செலவுக்குக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கலாம் என்பதை நாங்களாகக் கேட்ட பிறகுதான் சொன்னார். சப் கான்ட்ராக்ட்டில் வருகிற டைல்ஸ், பெயின்டிங் ஆட்களுக்கு அடிபட்டாலும் மெயின் கான்ட்ராக்டரிடம் இழப்பீடு கேட்கலாம், அதைப் பற்றி மூச்சே விடவில்லை. இவரிடம் போகிறவர்கள் அந்த ஆட்களையும் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.