சுகோய்-30 எம்கேஐ: எஞ்சின் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

இந்திய விமானப்படையில் எஞ்சின் பராமரிப்புப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சுகோய்-30 எம்கேஐ போர் விமானத்தை விமானியின் இருக்கையில் அமர்ந்து அறிந்ததைவிட அதன் வயிற்றுக்கு அடியில் நின்று அறிந்ததே அதிகம் என்பதால், இந்த மதிப்பீடும் தரைப் பணியாளரின் பார்வையிலேயே அமைகிறது.

2002-இல் படையில் சேர்ந்த இந்த விமானத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், பலரும் முதலில் கேட்பது திசை மாறும் நாசிலை, அதாவது எஞ்சினின் பின்முனையில் வெப்ப வாயு வெளியேறும் குழாய்வாயைப் பற்றித்தான். ஏஎல்-31எஃப்பி எஞ்சின் ஒவ்வொன்றும் ஆஃப்டர்பர்னர் (கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் பகுதி) எரியும்போது ஏறத்தாழ 12,500 கிலோ உந்துவிசை தருகிறது. இரு நாசில்களின் அசைவுத் தளங்களும் சாய்வாக அமைந்திருப்பதால், ஒன்று மேலும் மற்றது கீழுமாகத் திரும்பும்போது விமானத்தின் மூக்கை இடவலமாகவும் திருப்ப முடிகிறது. விமானக் கண்காட்சியில் கைதட்டல் வாங்கித் தருவது இதுதான். ஆனால் வேகத்தை இழந்து மூக்கைத் திருப்பும் விமானம் அந்தக் கணத்தில் இன்னொரு எதிரிக்கு எளிய இலக்காகிவிடும் என்பதால், இதை அதன் தலையாய சிறப்பாக நான் கருதுவதில்லை.

தலையாய சிறப்பு, இரண்டு எஞ்சின்களையும் ஒட்டி வைக்காமல் தள்ளி வைத்த வடிவமைப்பே. ஒன்றில் தீப்பிடித்தாலோ அதன் பாகம் சிதறினாலோ மற்றது தப்பிக்க வாய்ப்பு அதிகம். நடுவே கிடைக்கும் அகன்ற இடைவெளியில்தான் 2.5 டன் எடையுள்ள பிரமோஸ் ஏவுகணை தொங்குகிறது. 2017 நவம்பரில் இவ்விமானத்திலிருந்து அது முதன்முறையாக ஏவப்பட்டது. 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் 222-ஆம் படைப்பிரிவு அமைந்ததும் இந்தத் திறனை நம்பித்தான். வெளியே மாட்டும் எரிபொருள் தொட்டி எதுவும் இல்லாமலேயே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் பறக்கும் விமானம் என்பதால், கடற்பரப்பைக் காக்க இது மிகவும் பொருத்தமானது.

பராமரிப்பவனுக்குப் பிடித்த ஓர் அம்சம், காற்று நுழைவாயிலில் உள்ள வலைத்தடுப்பு. தரையில் இருக்கும்வரை கல்லும் குப்பையும் உள்ளே போகாமல் காத்து, மேலெழுந்து சக்கரங்கள் உள்ளே போனதும் அது மடங்கிக்கொள்கிறது. (இருந்தாலும் காலையில் வரிசையாக நடந்து, தரையில் கிடக்கும் நட்டையும் கம்பித்துண்டையும் பொறுக்கும் வேலை எங்களுக்கு ஒருநாளும் குறைந்ததில்லை.)

குறைகளும் உண்டு. எஞ்சின் இரண்டு என்றால் வேலையும் இரண்டு மடங்கு. எஞ்சின் கோளாறுகள் பலவற்றுக்குத் தாங்கிகள், அதாவது பேரிங்குகள், தேய்ந்து எண்ணெயில் உலோகத் துகள் சேர்ந்ததே காரணம் என்று 2015-இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும் எண்ணெய் மாதிரியில் கண்ணுக்குத் தெரியாத துகளைத் தேடுவது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்பது செய்தவர்களுக்குத் தெரியும். உடல் பெரிது என்பதால் எதிரியின் ரேடாரில் எளிதில் சிக்குவதும், இதன் பார்ஸ் ரேடார் இன்றைய தரத்துக்குப் பழையதாகிவிட்டதும் மறுக்க முடியாதவை.

240 புதிய எஞ்சின்களுக்காக எச்ஏஎல் (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனத்துடன் 2024 செப்டம்பரில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அவை ஒடிசாவின் கோராபுட்டில் உருவாகும். எஞ்சின் கவலை அதனால் பெருமளவு தீரும் என்றே நினைக்கிறேன். அடுத்ததாக மாற்ற வேண்டியது ரேடாரைத்தான். இந்த விமானத்தின் உடற்சட்டகத்தில் இன்னும் பல ஆண்டுகள் பறக்கும் வலு மிச்சமிருக்கிறது.