கை நடுக்கத்துக்கு மூளை அறுவை: சுடுவதா, கருவி வைப்பதா?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோய்) வந்த சிலருக்கு, டீ கிளாஸ் வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்திவிடும் அளவுக்குக் கை நடுங்கும். மாத்திரை கேட்காதபோது இரண்டு அறுவைகளைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டுமே நடுக்கத்துக்குத்தான், நோயை நிறுத்தாது.

முதலாவதான தலாமோட்டமியில், மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ் என்ற பகுதியில் ஒரு சிறு இடத்தைச் சுட்டு அழிப்பார்கள். கருவி கிடையாது, ஆனால் செய்தது செய்ததுதான்.

இரண்டாவதான டிபிஎஸ்ஸில் (மூளையை ஆழத்தில் மின்சாரத்தால் தூண்டும் முறை) அதே பகுதியில் மின்முனையும், காறை எலும்புக்குக் கீழே பேட்டரியும் வைப்பார்கள். மின்தூண்டலைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். மாறிக்கொண்டே இருக்கும் நோய்க்கு இதுவே மேல் என்பேன். செலவு அதிகம், தொற்று அபாயம் உண்டு. அடிக்கடி தேவைப்படும் எம்ஆர்ஐக்கும் கட்டுப்பாடு வரும். அளவைச் சரிசெய்யத் திரும்பத் திரும்பப் போகவும் வேண்டும்.

கடலூர்க்காரர்கள் புதுச்சேரி ஜிப்மர் நரம்பியல் பிரிவில் முதலில் கேட்க வேண்டியது: இது நடுக்கமா, தடுமாற்றமா (அசைவு ஒருங்கிணையாமல் கை குறி தவறுவதா)? தடுமாற்றம்தான் அதிகம் என்றால் இரண்டுமே பெரிதாகக் கைகொடுக்காது.