பயணமா, நேரலையா, மடலா: தமிழ் வகுப்புக்கு ஒரு வெளிநாட்டுத் தோழமை

அடுத்த ஆண்டுக்கான திட்டங்களை எழுதித் தரும் காலம் நெருங்கும்போதெல்லாம், வெளிநாட்டுப் பள்ளி ஒன்றுடன் தொடர்பு வைத்துக்கொள்ள எந்த வழி நல்லது என்ற பேச்சு தமிழாசிரியர்களிடையே எழுவதுண்டு. எங்கள் சிங்கப்பூர்ப் பள்ளியின் உயர்நிலை இரண்டாம் வகுப்புத் தமிழ் மாணவர்களுக்காக அந்தத் தேர்வை நான் ஏற்கெனவே செய்துவிட்டதால், இங்கே எழுதுவதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாணவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்வது, காணொளி வழியாக நேரலையில் சந்திக்க வைப்பது, மடல்களையும் குரல்பதிவுகளையும் வாரக்கணக்கில் மாறி மாறி அனுப்பிக்கொள்வது ஆகிய மூன்றில் நான் கடைசி வழியின் பக்கம் நிற்கிறேன்.

நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் வரும் அனைத்துலக நட்பு தினத்தை இந்த வரிசையில் நான் சேர்க்கவில்லை. கொடிகளும் பலகாரங்களும் பாரம்பரிய உடைகளும் ஒரு காலைப்பொழுதுக்குப் போதும். உலகைப் பற்றிய அறிவில் நம் பிள்ளைகள் பின்தங்கியவர்களும் அல்லர். 15 வயது மாணவர்களின் திறனை நாடுகளிடையே ஒப்பிடும் பீசா ஆய்வில், 2018ஆம் ஆண்டு, உலகளாவிய திறனைச் சோதிக்கும் தேர்வில் பங்கேற்ற 27 நாடுகள், பொருளியல்களில் சிங்கப்பூர் முதலிடம் பெற்றது. தம் வயதொத்த ஒருவர் வேறொரு வாழ்க்கையிலிருந்து கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லியே தீர வேண்டிய நிலைதான் அவர்களுக்கு அரிதாக வாய்க்கிறது.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நேரில் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. செலவின் ஒரு பகுதிக்கு, மாணவர்களுக்கு அரசு தரும் எடுசேவ் பணம் உதவினாலும், வகுப்பில் எல்லாரும் போக முடிவதில்லை. போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் இடையே விழும் பிரிவு ஆண்டு முழுவதும் வகுப்பில் தெரியும். 2020இல் கிருமித்தொற்று வந்தபோது முதலில் நின்றுபோனவையும் இந்தப் பயணங்களே. நான் துணை ஆசிரியராகச் சென்றிருக்கிறேனே தவிர, ஒரு பயணத்தை முழுப்பொறுப்பேற்று நடத்தியதில்லை என்பதால் இதற்கு மேல் சொல்லத் தயங்குகிறேன்.

நேரலை அப்படியன்று; பார்த்தவுடன் மனத்தைக் கவர்வது. திரையில் அந்தப் பக்கத்து வகுப்பு தோன்றியதும் எழும் ஆரவாரத்தை எந்த மடலும் தராது. ஆனால் கடிகாரம் ஒத்துழைக்க வேண்டும். சிங்கப்பூர் நேரம் இந்திய, இலங்கை நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு வகுப்பு தொடங்கும்போது இங்கே 11.30, நம் பாடவேளைகள் பிற்பகல் ஒன்றரை, இரண்டு மணிவாக்கில் முடிந்துவிடுவதால், இரு பக்கமும் வகுப்பில் இருப்பது சுமார் இரண்டு மணி நேரம் மட்டுமே. தமிழ்ப் பாடவேளை அதற்குள் விழுந்தால் நம் அதிர்ஷ்டம். விழாவிட்டால், பல பள்ளிகளில் சீனம், மலாய், தமிழ் ஆகிய மூன்றும் ஒரே வேளையில் நடப்பதால், தமிழ் வகுப்பை மட்டும் தனியே நகர்த்த அட்டவணை இடம் தராது. லண்டனில் கோடைக்காலத்துக் காலை 8 மணி இங்கே பிற்பகல் 3 மணி. டொராண்டோவுடன் அப்போது சரியாகப் பன்னிரண்டு மணி நேர வேறுபாடு. மலேசியாவின் கடிகாரம் நம்முடையதே, ஆயினும் அங்குள்ள தமிழ்ப்பள்ளிகள் தொடக்கநிலையோடு முடிந்துவிடுவதால், உயர்நிலை மாணவர்களுக்குத் தேசிய இடைநிலைப் பள்ளி ஒன்றில் நடக்கும் தமிழ் வகுப்பைத்தான் தேட வேண்டும்.

நேரம் அமைந்த பிறகும், முதல் பத்து நிமிடம் "கேக்குதா? கேக்குதா?" என்பதிலேயே கழிகிறது. பிறகு இரு பக்கமும் துணிச்சலான இரண்டு மூன்று பேர் பேச, மற்றவர்கள் கையசைக்கிறார்கள். தடுமாறாமல் உடனுக்குடன் பேசிப் பழக இது நல்ல களம் என்பதையும், வாய்மொழித் தேர்வுக்குக்கூட உதவும் என்பதையும் மறுக்கவில்லை. பேசாத பிள்ளைகளுக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்பதே என் கவலை.

மடல் பரிமாற்றம் புதிதன்று. 1920களிலேயே பிரான்சின் தென்கிழக்கில் இருந்த செலஸ்தன் ஃபிரேனே என்ற கிராமத்து ஆசிரியர், தம் மாணவர்கள் எழுதி அச்சிட்ட தாள்களை அந்நாட்டின் வடமேற்கில் உள்ள பிரித்தானி வட்டாரத்துப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பி, அங்கிருந்து வந்தவற்றை வகுப்பில் வாசிக்க வைத்தார். 1988இல் நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் இணைத்துத் தொடங்கி, இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இயங்கும் ஐஎர்ன் வலையமைப்பும் பெரும்பாலும் கூட்டுத் திட்டப்பணிகளையே நம்பியிருக்கிறது.

இந்த மெதுவான வழி என்ன தருகிறது என்பதற்கு எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சென்னைப் புறநகரில் உள்ள தோழமைப் பள்ளியிலிருந்து வந்த குரல்பதிவு ஒன்றில், "உங்க வீட்டுல தண்ணி எத்தனை மணிக்கு வரும்?" என்று ஒரு சிறுமி கேட்டிருந்தாள். என் மாணவர்களுக்குக் கேள்வியே விளங்கவில்லை. குழாயைத் திறந்தால் வரும் என்று ஒரு வரியில் பதில் எழுதி அனுப்பினார்கள். அடுத்து அங்கிருந்து வந்த மடல் தொகுப்பில், தண்ணீர் லாரி வரும் நாளில் தெருவில் குடங்கள் வரிசை பிடிப்பதைப் படமாக வரைந்து, 2019இல் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததையும் எழுதியிருந்தார்கள். அதைப் படித்த பிறகே நம் குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இங்கே தேடத் தொடங்கினார்கள். மலேசியாவின் ஜோகூர் ஆற்று நீர், அதற்கான 2061இல் முடியும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம், புதுநீர் எனப்படும் மறுசுழற்சி நீர், கடல்நீர் சுத்திகரிப்பு எல்லாம் பாடநூலில் படித்தவைதாம். ஆனால் இப்போது அவற்றை இன்னொருவருக்கு விளக்க வேண்டியிருந்தது. 1963இல் சிங்கப்பூரிலும் தண்ணீர் பங்கீடு நடந்தது என்பதை ஒரு மாணவி தன் பாட்டியிடம் கேட்டு வந்து, அவர் குரலிலேயே பதிவுசெய்து அனுப்பினாள். நேரலையில் இந்தக் கேள்வி வந்திருந்தால் அந்த ஒரு வரிப் பதிலோடு அடுத்த கேள்விக்குப் போயிருப்போம். பாட்டியிடம் போய்க் கேட்டுவர அவகாசம் இருந்திருக்காது.

இருந்தும், நான் இந்த வழியைத் தேர்ந்ததற்கு முதற்காரணம் பாடத்தின் வளம் அன்று, பராமரிப்பு. தொடங்குவது எல்லா வழியிலும் எளிது. இரண்டாம் ஆண்டும் நிலைக்குமா என்பதே கேள்வி. நம் பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. தமிழ்நாட்டில் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. ஜனவரியில் நம் வகுப்பு புதிது, அங்கே ஆண்டின் இறுதிப் பகுதி நடக்கும். ஏப்ரலில் அங்கே ஆண்டுத்தேர்வு, மே மாதம் கோடை விடுமுறை. ஜூனில் அவர்கள் பள்ளிக்குத் திரும்பும்போது நமக்கு நான்கு வாரம் விடுமுறை. செப்டம்பரில் அங்கே காலாண்டுத் தேர்வு, அது முடிந்ததும் இங்கே ஆண்டிறுதித் தேர்வு. இரு வகுப்புகளும் நெருக்கடியின்றிச் சந்திக்கக் கிடைப்பவை ஜூலையும் ஆகஸ்டும்தான். போதாக்குறைக்கு, நம் ஆண்டின் நடுவில் அங்கே மாணவர்களே மாறிவிடுகிறார்கள்.

நேரலைத் தொடர்பு இந்த இடைவெளிகளில் அறுந்துவிடுகிறது. ஒவ்வொரு சந்திப்புக்கும் பெற்றோர் ஒப்புதல், துறைத்தலைவரின் அனுமதி, கருவிச் சோதனை, நேரம் குறித்தல் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தத் தொடர்பு இரண்டு ஆசிரியர்களின் கைப்பேசிகளில்தான் வாழ்கிறது என்பது. முன்பு எங்களோடு நேரலை நடத்திய ஓர் ஆசிரியர் இடமாற்றத்தில் போனார். புதிதாக வந்தவருக்கு எங்களைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கவில்லை, தெரிவிக்க எங்களிடம் காட்டும்படியாக ஒரு தாளும் இல்லை.

மடல் பரிமாற்றத்தில் ஒரு கோப்புறை மிஞ்சுகிறது. அதில் ஒரு பக்கப் பதிவேடு வைத்திருக்கிறோம்: எந்தத் தொகுப்பு எப்போது போனது, எந்தக் கேள்விக்குப் பதில் வந்தது, எது நிலுவையில் இருக்கிறது. ஒரு வகுப்பு விட்டுச்சென்ற நிலுவைக் கேள்விகளிலிருந்துதான் அடுத்த வகுப்பு தொடங்குகிறது. அங்கே மாணவர் மாறினாலும் ஆசிரியர் மாறினாலும், கோப்புறையைத் திறந்தவர் தொடரலாம். கல்வி அமைச்சின் இணையத்தளமான மாணவர் கற்றல் தளம் நம் பள்ளிகளுக்கு மட்டுமே உரியது என்பதால், கோப்புகள் ஆசிரியரிடமிருந்து ஆசிரியருக்கே போகின்றன. மாணவர்கள் யாரும் வெளித்தளத்தில் கணக்குத் திறக்க வேண்டியதில்லை. முழுப்பெயரும் முகவரியும் வெளியே போவதில்லை. எனக்கு ஆகும் வேலை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைப் பாடவேளை. 2023 முதல் நம் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு இல்லாததால் இதற்கு இடம் காண்பதும் முன்புபோல் கடினமில்லை.

குறைகளும் உண்டு. பதில் வரத் தாமதமானால் ஆர்வம் வடிந்துவிடும், மூன்று வாரம் மௌனமாக இருந்தபோது, "அவங்க நம்மள மறந்துட்டாங்களா, சார்?" என்று கேட்ட மாணவருக்குச் சொல்லச் சரியான பதில் என்னிடம் இல்லை. அடுத்தவர் முகம் பார்க்காமலே ஆண்டு முடிவதும் குறைதான். ஆகவே நான்கைந்து தொகுப்புகள் போய்வந்த பிறகு, ஜூலையிலோ ஆகஸ்டிலோ ஒரே ஒரு நேரலைச் சந்திப்பு வைக்கிறோம். அப்போது பேசுவதற்குப் பொருள் இருப்பதால், கூச்சப்படும் பிள்ளைகளும் வாய் திறக்கிறார்கள்.

தமிழ் தெரியாத பள்ளியோடு ஆங்கிலத்தில் இதைச் செய்தால் எப்படியிருக்கும் என்பதில் என் அனுபவம் குறைவு. தொடக்கநிலைச் சிறுவர்களுக்கு இரண்டு வாரக் காத்திருப்பு மிக நீளமாக இருக்கலாம். ஜோகூர் பாருவில் ஒரு தோழமைப் பள்ளி கிடைத்தால் நானே நேரலைக்குக் கூடுதல் இடம் தருவேன். 2026 முதல் மலேசியப் பள்ளியாண்டும் ஜனவரிக்கே திரும்பிவிட்டதால், அங்கே கடிகாரமும் நாட்காட்டியும் நம்மோடு ஒத்துவருகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளியோடு தொடங்குபவர்கள் முதல் தொகுப்பை ஜூன் கடைசியில், அங்கே புதிய வகுப்பு அமர்ந்ததும் அனுப்புவது நல்லது.