ஆறு வருட ஜீப், மோராகிப் போன கிரவுன் ஆயில்

காரைக்குடித் தம்பி ஒருவன் பழைய ஃபோர் வீல் ஜீப் வாங்கப் போகிறானாம், "உங்க அனுபவத்தைச் சொல்லுங்கண்ணே" என்று கேட்டான். நேற்றுத்தான் மூன்றாவது தடவையாகப் பின் ஆக்சிலைப் பிரித்து மாட்டிக்கொண்டு வந்தேன், கோபம் இன்னும் ஆறவில்லை.

திருப்பத்தூர் பக்கம் தோப்புக்குப் போகும் வண்டிப்பாதை நான்கு கிலோமீட்டர்தான், தைலமரக் காட்டுக்குள் செம்மண், இரண்டு இடத்தில் மணிமுத்தாற்றில் இறங்கி ஏற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில்தான் தண்ணீர், மற்ற நாளில் வெறும் மணல். டயர் காற்றை 30 பிஎஸ்ஐயிலிருந்து 18க்கு இறக்கி, நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் ஃபோர் லோவில் போட்டால் ஜீப் மாட்டு வண்டி மாதிரி நிதானமாக நடக்கும். தண்ணீர் வந்தால் முதலில் நானே இறங்கி நடந்து பார்ப்பேன், முழங்காலுக்கு மேல் என்றால் திரும்பிவிடுவேன். இறங்கிவிட்டால் செகண்ட் கியர்தான், அக்கரை ஏறும்வரை கிளட்சில் கால் வைப்பதில்லை. ஆறு வருடத்தில் ஒருநாளும் நடு ஆற்றில் நின்றதில்லை.

ஆனால் அந்தக் கிரவுன் ஆயில், பின் ஆக்சில் நடுவில் இருக்கும் பல்சக்கரங்களுக்கு ஊற்றும் எண்ணெய்! பிளக்கைக் கழற்றினால் மோர் மாதிரி வெள்ளையாக வடிகிறது. முதல் இரண்டு தடவையும் பட்டறையில் ஆயிலையும், அது ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் சீலையும் மாற்றிக் காசை வாங்கிக்கொண்டார்கள், ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. தேவகோட்டையில் ஒரு வயதான மெக்கானிக்தான் ஆக்சில் மேலே இருந்த சின்ன மூடியைத் தொட்டுக் காட்டினார், அதுதான் பிரீதர், சேறு அப்பிக் கிடந்தது. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும், மூச்சுவிடும் வழி அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரைத்தான் உறிஞ்சும். ஒன்றரை மீட்டர் டீசல் டியூப் மாட்டிப் பின்விளக்குக்குப் பக்கத்தில் உயர ஏற்றிக் கட்டிவிட்டார், அவ்வளவுதான் வேலை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா நான் இரண்டு தடவை தண்டம் அழுதேன்? வண்டியைக் குறை சொல்லவும் முடியாது, முன்னால் வைத்திருந்தவர் டியூபைக் கழற்றிவிட்டாரோ என்னவோ.

தம்பி, வாங்காதே. பிள்ளையார்பட்டிக்கும் மதுரைக்கும் போய்வர இது தேவையில்லை, டீசல் குடிக்கும், முதுகு நோகும். தோப்புக்குப் போக எனக்கு வேறு வண்டி சரிப்படாது, அது வேறு கதை.

அடுத்த மழையில் ஆற்றில் இறக்கி ஏற்றிய கையோடு பிளக்கைக் கழற்றி ஆயிலைப் பார்க்க வேண்டும்.