தொலைபேசியில் வரும் கணினி மெக்கானிக்: ஒரு தொழில்காரனின் மதிப்புரை

எனக்குக் கடை வாடகை உண்டு, மின்கட்டணம் உண்டு, உதிரிபாகம் வாங்கிய கடன் உண்டு. இவை எதுவும் இல்லாத ஒரு போட்டியாளர் சில ஆண்டுகளாக என் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டு போகிறார். ஒருநாள் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் என்பார், மறுநாள் பிரிண்டர் நிறுவனத்தின் உதவி மையம் என்பார்; இரண்டும் பொய். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அவர் கைவைத்த லேப்டாப்புகள் கடைசியில் என் மேசைக்குத்தான் வருகின்றன. அவருடைய வேலைத்தரத்தைப் பற்றிப் பேச எனக்கு அந்த உரிமை போதும்.

முதலில் ஆள் பிடிக்கும் விதம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இவர்கள் வீட்டுத் தொலைபேசிக்கு நேராகவே அழைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இது பழைய தொல்லை. 2012 அக்டோபரிலேயே அமெரிக்க வணிக ஆணையம் இத்தகைய கும்பல்கள் மீது நீதிமன்றம் போயிற்று. என் கடைக்கு வருகிறவர்களோ பெரும்பாலும் தாங்களே எண்ணைத் தேடி அழைத்தவர்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. புது பிரிண்டர் வாங்கியிருக்கிறார். அதற்கான மென்பொருளை இணையத்தில் தேடியபோது, முதலில் நின்றது ஒரு விளம்பரம். உள்ளே போனால் நிறுவனத்தின் தளம் போலவே இருக்கிறது. பச்சைக் கோடு நகர்ந்து நகர்ந்து முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. “நிறுவ முடியவில்லை, உதவிக்கு அழையுங்கள்” என்று கீழே ஓர் எண். அந்தக் கோடு எதையும் நிறுவவில்லை; வெறும் படம். பிரிண்டரோ ஒரு குறையும் இல்லாமல் பெட்டிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

டீச்சர் அழைத்தார். மரியாதையில் குறை சொல்ல முடியாது. பேசியவன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘மேடம்’ போட்டிருக்கிறான். என் கடைப் பையனிடம் இந்தப் பணிவு இருந்தால் நான் இன்னொரு கிளை திறந்திருப்பேன்.

அடுத்தது நோயறிதல். இங்கேதான் எனக்குத் தொழில்முறையில் கோபம் வருகிறது. ஒரு கணினியில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க எனக்குச் சில சமயம் அரைநாள் ஆகும். இவர்கள் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கிறார்கள், எப்படி என்றால், நலமாக இருக்கும் எல்லா விண்டோஸ் கணினியிலும் இருப்பதையே நோய் என்று காட்டுகிறார்கள். தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் ஏனிடெஸ்க்கோ டீம்வியூவரோ நிறுவச் சொல்லி, திரையில் தெரியும் எண்ணை வாங்கி உள்ளே நுழைந்ததும், முதலில் திறப்பது ஈவென்ட் வியூவர். விண்டோஸ் தன் அன்றாட நடவடிக்கைகளை எழுதிவைக்கும் பதிவேடு அது. மஞ்சள் முக்கோணங்களும் சிவப்பு வட்டங்களும் நூற்றுக்கணக்கில் இருக்கும். நேற்றுப் பெட்டி பிரித்த கணினியிலும் இருக்கும். அவற்றில் அடிக்கடி கண்ணில் படுவது 10016 என்ற எண்ணுள்ள பிழை. அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே எழுதிவைத்திருக்கிறது. டீச்சரிடம் ஒவ்வொரு சிவப்பு வட்டமும் ஒரு வைரஸ் என்று எண்ணிக் காட்டியிருக்கிறான்.

இதைவிடக் கைதேர்ந்த வித்தை ஒன்று உண்டு. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புத் திரையைத் திறந்து ‘அசோக்’ (assoc) என்ற கட்டளையைத் தட்டினால் நீளமான பட்டியல் ஒன்று ஓடும். அதன் கடைசிப் பகுதியில் 888 என்று தொடங்கி 062 என்று முடியும் ஒரு நீண்ட எண் வரும். “இது உங்கள் கணினிக்கு மட்டுமே உரிய அடையாள எண். நான் சொல்கிறேன், சரிபாருங்கள்” என்று ஒவ்வொரு இலக்கமாகப் படிப்பான். சொன்னபடியே திரையில் இருக்கும். நம்பாதவரும் நம்பிவிடுவார். அந்த எண் என் கடையில் இருக்கும் எல்லா விண்டோஸ் கணினியிலும் ஒன்றேதான். கோப்பு வகை ஒன்றுக்கு விண்டோஸ் வைத்திருக்கும் உள் குறியீடு அது. உலகம் முழுவதும் மாறாதது. டீச்சருக்கு என் மேசைக் கணினியிலும் பையனின் கணினியிலும் அதே எண்ணைக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இதைப் பரீட்சையில் செய்திருந்தால் காப்பி அடித்ததாக வெளியே அனுப்பியிருப்பேன்” என்றார்.

‘ட்ரீ’ (tree) என்றொரு கட்டளை கோப்புறைகளின் பட்டியலை அருவியாகக் கொட்டும். ஓடி முடிந்ததும், ‘வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று கடைசி வரியில் அவனே தட்டச்சு செய்துவிடுவான். இதற்கு நான் மதிப்பெண் தரமாட்டேன், சோம்பேறித்தனமான வேலை.

பழுதுபார்ப்பு என்ற பகுதியில் எழுத ஒன்றுமில்லை. இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டு, சில தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டு, சரியாகிவிட்டது என்கிறார்கள். ஆனால் ஒன்று செய்துவிட்டுப் போகிறார்கள்: தொலைவிலிருந்து எப்போது வேண்டுமானாலும் நுழைய ஒரு நிரந்தரக் கடவுச்சொல். இப்படி வரும் மடிக்கணினியை முதலில் இணையத்திலிருந்து துண்டித்துவிட்டுத்தான் நான் திறப்பேன். ஏனிடெஸ்க் நல்ல கருவி. வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் முகம் தெரிந்த மெக்கானிக்கும், வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடுவதுதான் முறை.

கட்டணம் 7,499 ரூபாய், மூன்று ஆண்டுப் ‘பாதுகாப்புத் திட்டம்’. ரசீது என்று மின்னஞ்சலில் வந்ததில் முகவரியும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. டீச்சர் இதை மறுபேச்சில்லாமல் கட்டியிருக்கிறார். நான் வன்தட்டைத் துடைத்து, விண்டோஸை மறுபடி நிறுவி, பேத்தியின் படங்களையெல்லாம் மீட்டுக்கொடுத்து 800 ரூபாய் கேட்டபோது, “500 போதாதா?” என்றார். 600-க்கு முடிந்தது.

விற்பனைக்குப் பிந்தைய சேவையில் மட்டும் போட்டியாளர் என்னைவிடக் கெட்டிக்காரர்; அவரே மறுபடி அழைப்பார். டீச்சருக்கு இரண்டாவது அழைப்பு வந்தது, திட்டத்தைப் பதிவுசெய்ய இன்னும் பத்து ரூபாய் மட்டும் கட்ட வேண்டும் என்று. நெட் பேங்கிங் திறந்தார், ஓடிபியை வாசித்தார், 48,000 ரூபாய் போயிற்று. வெளிநாடுகளில் இதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: எங்கள் நிறுவனம் மூடப்படுகிறது, பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று அழைத்து, உலாவியில் எஃப் 12 விசையைத் தட்டி, வங்கிப் பக்கத்தில் தெரியும் இருப்புத் தொகையை மாற்றி எழுதுவார்கள். வங்கிக்கணக்கில் ஒரு பைசா நகர்ந்திருக்காது. பக்கத்தைப் புதுப்பித்தாலே பழைய எண் வந்துவிடும். “தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டோம், என் வேலை போய்விடும்” என்று அழுது, மீதியைப் பரிசு அட்டைகளாக வாங்கித் தரச் சொல்வார்கள். இந்த அழைப்புகளில் ஒரு பங்கு நம் நாட்டு நகரங்களிலிருந்தே போகிறது என்பது நமக்குப் பெருமை சேர்ப்பதல்ல. 2023 அக்டோபரில் சிபிஐ 76 இடங்களில் சோதனை நடத்தியபோது, மைக்ரோசாஃப்ட்டும் அமேசானும் கொடுத்த புகார்களும் அதற்குக் காரணமாக இருந்தன.

சைரன் ஊதிக்கொண்டு முழுத்திரையை அடைக்கும் எச்சரிக்கைப் பக்கம் இந்த வியாபாரத்தின் இன்னொரு வாசல். “கணினியை அணைக்காதீர்கள்” என்று அதில் எழுதியிருக்கும். அணைத்தால் அவர்கள் பிழைப்பு போய்விடும், வேறு ஆபத்தில்லை. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். போகவில்லையா, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் உலாவியை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான பிழைச்செய்தி எதிலும் தொலைபேசி எண் இருக்காது. திரையின் மூலையில் விடாமல் வந்து விழும் ‘வைரஸ்’ அறிவிப்புகள் வேறு ரகம். எப்போதோ ஏதோ ஒரு தளத்துக்கு ‘அனுமதி’ கொடுத்ததன் பலன். உலாவியின் அமைப்புகளில் அறிவிப்புப் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் தீர்ந்தது. இதற்கு நான் காசு வாங்குவதில்லை.

போட்டியாளருக்கு நட்சத்திரம் எதுவும் இல்லை. டீச்சரின் பணம் போன அதே நாளில் நான் பயன்படுத்திய இன்னொரு தொலைபேசிச் சேவைக்குத் தாராளமாக நான்கு கொடுக்கலாம்: 1930. இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். 2021-இல் 155260 என்று தொடங்கி, பிறகு இந்தச் சுருக்கமான எண்ணுக்கு மாறியது. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே வழியிலுள்ள வங்கிகளில் அதை நிறுத்திவைக்க முயல்வதுதான் இதன் வேலை. டீச்சர் வெட்கத்தில் வாயே திறக்கவில்லை. மகனுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பான் என்பதுதான் அவர் கவலை. பணம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கவில்லை. என் கடை நாற்காலியிலேயே உட்காரவைத்து அழைக்கச் செய்தேன். தமிழிலேயே பேசினார்கள், அதட்டவில்லை, “ஏன் அம்மா ஓடிபி சொன்னீர்கள்?” என்று கேட்கவில்லை. ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. அது கைக்கு வரப் பல மாதங்கள் ஆயின. மீதி போனது போனதுதான். வங்கிக் கிளையில் இருந்தவர்தான் எங்களை மேசைக்கு மேசை அனுப்பிவைத்தார்.

வங்கிக்கும் உடனே எழுத்தில் தெரிவிக்கும்படி டீச்சரிடம் சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரே ரகசிய எண்ணைச் சொல்லிப் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையான நட்டம் அவருடையது. தெரிவித்த பிறகும் போனால் வங்கியுடையது. ஆகவே எந்த மணிக்குத் தெரிவித்தோம் என்பதற்குச் சான்று வேண்டும்.

1930-ஐ அழைக்கும் முன் கணக்கு எண், போன தொகை, நேரம், குறுஞ்செய்தியில் வந்த பரிவர்த்தனை எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். அவர்கள் கொடுக்கும் புகார் எண்ணையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வங்கியில் எந்த மேசைக்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.