வேலூர் மொட்டைமாடியில் சுக்கினி: சில பருவங்கள் வளர்த்துப் பார்த்த பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கத்தில் தொட்டியில் சுக்கினி (பிஞ்சிலேயே பறித்துச் சமைக்கும் பூசணிக் குடும்பக் காய்) வரும், நன்றாகவே வரும். ஆனால் கார்த்திகையில் விதைத்து மாசிக்குள் முடித்துக்கொள்கிறவர்களுக்கு மட்டும். விதைப் பாக்கெட்டில் 'ஆண்டு முழுவதும் விதைக்கலாம்' என்று அச்சடித்திருந்தால் அது இந்த ஊருக்காக எழுதியது அல்ல. பங்குனியில் பூக்கிற செடி இலையைத்தான் தரும்.

காரணம் பூவில் இருக்கிறது. சுக்கினியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரவு குளிர்ந்து பகல் குறுகியிருக்கும்போது பெண் பூ கூடுதலாக வரும். வெயிலும் பகல் நீளமும் ஏற ஏற ஆண் பூவாகவே பூத்துத் தள்ளும். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தத்தின் வீரியமும் குறைந்துவிடும். வேலூரில் அந்த வெயிலுக்குச் சித்திரை வரை காத்திருக்க வேண்டியதில்லை. பகலில் வாங்கிய சூட்டை மொட்டைமாடித் தளம் ராத்திரியில் வேறு செடியின் மேல் விடும். சரி, ஐப்பசியிலேயே விதைத்துவிடலாமே என்றால், அடைமழையில் நாற்றின் தண்டடி அழுகும். மழை சற்று ஓய்ந்த நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசிக்குள் விதை போடுவதே சரி. ஏலகிரியிலும் ஜவ்வாது மலை மேலும் இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தாராளம் உண்டு.

தொட்டியில் கஞ்சத்தனம் கூடாது. சுக்கினி கொடியாக ஓடாத புதர் வகைதான். ஆனால் ஒரு செடி மூன்றடிக்கு மூன்றடி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 15 அங்குல விட்டம், 12 அங்குல உயரம் உள்ள வளர்ப்புப் பையில் ஏறக்குறைய 35 லிட்டர் மண் பிடிக்கும். அதுதான் குறைந்த அளவு, அதுவும் பைக்கு ஒரே செடி. பத்து, பன்னிரண்டு அங்குலப் பூந்தொட்டியில் செடி அழகாக நிற்கும், பூவும் விடும். பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் மதியத்துக்குள் மண் காய்ந்து எல்லாம் உதிரும். மெல்லிய பாலித்தீன் பைகள் இந்த ஊர் வெயிலில் சீக்கிரமே பொடிந்துபோகின்றன. தார்ப்பாய் போன்ற கெட்டியான பைகள் பல கோடை தாங்கும். அவற்றில் முதலில் போவது துணி அல்ல, தையல். வாங்கும்போது அடித்தையல் இரட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். பையை இரண்டு செங்கல் மேல் வைத்தால் தண்ணீரும் வடியும், தளத்துச் சூடும் வேரில் ஏறாது.

கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் (தென்னை நார்க்கழிவுத் தூள்) ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. எல்லாம் கொள்ளளவுக் கணக்கு. பைக்கு 150 கிராம் வேப்பம்பிண்ணாக்கு, 20 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (வேரழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) சேர்த்து, ஈரப்படுத்தி, பத்து நாள் நிழலில் மூடி வைத்துவிட்டுப் பிறகு விதைக்க வேண்டும். கோகோபீட் கட்டியை ஊறவைத்த கையோடு கலந்துவிடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும். வெறும் செம்மண் போதும் என்பது சிக்கனம் போலத் தெரியும். தொட்டியில் அது இறுகிக் கல்லாகி, வேருக்குக் காற்று போகாமல் அடைத்துவிடும்.

விதையை நேராகப் பையிலேயே ஊன்றுவது நல்லது. வேரைக் கிளறினால் சுக்கினி முகம் சுளிக்கும். நாற்றாங்கால் அவசியம் என்றால் காகிதக் கப்பில் போட்டு, இரண்டாவது நிஜ இலை வரும்போது கப்பைக் கிழித்து மண்கட்டியோடு இறக்குங்கள். விதை நான்கைந்து மணி நேரம் தண்ணீரில் ஊறினால் போதும். இரண்டு செ.மீ. ஆழத்தில் பைக்கு இரண்டு விதை. முளைத்தபின் நோஞ்சானைப் பிடுங்காமல் கத்தரியால் வெட்டிவிடுங்கள். டிசம்பரில் ஐந்து முதல் எட்டு நாளில் முளைக்கும். அதற்குள் அணில் தோண்டித் தின்னாமல் இருக்க, கம்பி வலைத் துண்டை மேலே கவிழ்த்து வையுங்கள். வித்திலை (முளையின் முதல் இரண்டு இலை) விரிந்ததும் அடுத்த விருந்தாளி சிவப்புப் பூசணி வண்டு. காலை வெயில் ஏறுமுன் அது மந்தமாக இருக்கும். கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவதை விடச் சிறந்த மருந்து மாடித்தோட்டத்துக்குத் தேவையில்லை.

தண்ணீர்தான் இந்தப் பகுதியின் உண்மையான சிக்கல். பல வீட்டு போர் தண்ணீரில் உப்பு அதிகம். இலை ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகினால் உரக்குறை என்று நினைத்து இன்னும் உரம் போடுவார்கள். அது உப்பின் மேல் உப்பு. முடிந்தால் காவிரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ ஊற்றுங்கள். முடியாதவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது நல்ல தண்ணீரைப் பையின் அடியில் வழியும் அளவுக்கு விட்டு உப்பைக் கழுவ வேண்டும். அடுப்புச் சாம்பலை இந்தத் தண்ணீர் உள்ள வீட்டில் போடவே வேண்டாம். மண்ணின் காரத்தன்மை இன்னும் கூடும். காய்க்கும் செடிக்குத் தினமும் இரண்டு மூன்று லிட்டர் பிடிக்கும். மதியம் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறி ஊற்ற வேண்டியதில்லை. சாயங்காலமும் நிமிராவிட்டால்தான் கவலை. இரண்டு அங்குல ஆழத்தில் விரலை விட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உரத்துக்கு நம் மாவட்டத்து வேர்க்கடலைப் பிண்ணாக்கே போதும். 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் புளிக்கவிட்டு, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, செடிக்கு அரை லிட்டர், பத்து நாளுக்கு ஒருமுறை. நான்காவது இலைக்குப் பிறகு தொடங்கலாம். அதிகம் கொடுத்தால் இலைதான் செழிக்கும்.

இனி பூ. புதிதாக வளர்ப்பவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். விதைத்து 35 முதல் 45 நாளில் பூ தொடங்கும். மெல்லிய நீளக் காம்பில் நிற்பது ஆண். இதழுக்குக் கீழே விரல் அளவு பிஞ்சு இருப்பது பெண். இரண்டும் விடியலில் விரிந்து ஒன்பது பத்து மணிக்குள் சுருங்கிவிடும், மறுநாள் திறக்காது. சத்துவாச்சாரி, காட்பாடி போன்ற நெருக்கமான பகுதிகளில் இரண்டாம் மாடிக்குத் தேனீ வரும் என்று நம்பி உட்காரக் கூடாது. ஏழு மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்தெடுத்து, நடுவில் உள்ள மஞ்சள் பொடித் தண்டைப் பெண் பூவின் நடுவில் உள்ள சூல்முடி மேல் எல்லாப் பக்கமும் படும்படி தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வளரும். பஞ்சுக் குச்சியை விடப் பூவாலேயே தடவுவது மேல். பஞ்சு பாதி மகரந்தத்தைத் தானே வைத்துக்கொள்ளும்.

ஒரே செடி வைத்தால் ஆணும் பெண்ணும் ஒரே காலையில் பூக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. குறைந்தது மூன்று செடி வேண்டும். மூன்றாவதைப் பத்து நாள் தள்ளி விதைத்தால் இன்னும் நல்லது. பக்கத்து வீட்டுப் பரங்கிப் பூவைப் பறித்து வந்து தடவுவோரும் உண்டு. பரங்கி வேறு இனம், நம்ப முடியாது. மகரந்தம் இல்லாமலே காய்க்கும் கலப்பின விதைகளும் விற்கின்றன. விலை கூடுதல்தான், காலையில் வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு அதுவே பொருத்தம்.

நுனி அழுகல் என்று சொல்லப்படுவதில் இரண்டு வகை. பிஞ்சு இரண்டு அங்குலத்திலேயே மஞ்சளாகி நுனியில் சுருங்கினால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். மருந்து எதுவும் வேண்டாம். பெரிதாகி வந்த காயின் நுனி கறுத்துக் குழிந்தால் அது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெள்ளமாக ஊற்றுவதுதான் பெரும்பாலும் காரணம். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் அந்தப் பருவத்துக்குள் மக்கிப் பயன் தராது.

இலையில் வெள்ளித் தேமல் தெரிந்ததும் சாம்பல் நோய் என்று மருந்து அடிக்க வேண்டாம். நரம்பு பிரியும் இடங்களில் ஒழுங்காக வரும் வெள்ளிக் கோலம் பல ரகங்களுக்கு இயல்பு. விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடி ஒட்டினால்தான் நோய். அப்போது அடியிலைகளை வெட்டிவிட்டு, நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம். வெயில் கடுமையான நாளிலும், வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் பட்டால் இலை பொசுங்கும். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறியும், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் அடிப்பதும் போதும். குருத்து சுருண்டு, மஞ்சள் மொசைக் என்ற வைரஸ் நோயின் தேமல் படிந்த செடியைத் தயங்காமல் பிடுங்குங்கள். வைரஸுக்கு மருந்து இல்லை. பழ ஈக்குக் கியூலூர் பொறி (ஆண் ஈயை வாசனையால் இழுத்துப் பிடிப்பது) ஒன்று தொங்கவிட்டு, மகரந்தம் தடவிய பிஞ்சுக்கு மெல்லிய வலைப்பை மாட்டினால் காய் தப்பும்.

தடவிய ஐந்தாறு நாளில் காய் 15 முதல் 18 செ.மீ. ஆகும். அப்போதே அறுங்கள். ஒரு காயை முற்றவிட்டால் செடி அடுத்த பிஞ்சைக் கைவிடும். இலைக்காம்பில் முள் இருப்பதால் முழுக்கைச் சட்டை உதவும். தொட்டிச் செடிக்கு ஐந்து முதல் எட்டுக் காய் வந்தால் நல்ல விளைச்சல் என்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வெறும் காய்தான் வேண்டும் என்றால் அதே பையில் இலவம்பாடி முள்ளுக் கத்தரி வையுங்கள், அது மாதக்கணக்கில் காய்க்கும். சுக்கினி ஆசைக்கு வளர்ப்பது. தோலோடு கூட்டு, பொரியல் இரண்டுக்கும் ஒத்துப்போகும். மிச்ச ஆண் பூவில் பஜ்ஜி போடலாம். சமைக்குமுன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். கசப்புச் சுரைக்காயில் உள்ள அதே வகை நஞ்சு இதிலும் உருவாகும், வேகவைத்தாலும் போகாது. கலப்பின ரகத்திலிருந்து எடுத்த விதையை மறுபடி விதைக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செடி முடிந்ததும் வேரை உதறிப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. அந்தக் கலவையில் வெள்ளரி, தக்காளி, கத்தரி எதுவும் வேண்டாம். மே மாதக் கத்திரி வெயிலில் அதை ஈரப்படுத்தி, அரை அடி கனத்துக்குப் பரப்பி, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் ஓரம் இறுக மூடி நான்கு வாரம் விடுங்கள். பிறகு மூன்றில் ஒரு பங்கு புது உரம் சேர்த்து முதலில் கீரையோ செண்டுமல்லியோ போட்டு, அடுத்த கார்த்திகைக்கு வேறு பையில் சுக்கினியைத் தொடங்கலாம்.